ஒன்றே ஒன்று: சிகரட்டை விடுவதும் விட்டபடி இருப்பதும்

சிகரட்டை நிறுத்துவது ஒரு வேலை. நிறுத்தியபடி இருப்பது வேறொரு வேலை. முதலாவது உடம்போடு நடக்கும் இழுபறி. பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் அடங்கிவிடும். இரண்டாவது தேத்தண்ணிக்கடை, சந்தி, வயற்காவல், செத்த வீடு, கூட்டாளிமார் என்று ஒருவர் நாளாந்தம் புழங்கும் இடங்களோடும் ஆட்களோடும் நடப்பது, மாதக்கணக்கில் நீளும். "நான் எத்தனையோ தரம் விட்டவன்" என்று சொல்லிச் சிரிப்பவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. அவர்கள் முதல் வேலையைப் பலமுறை சரியாகவே செய்தவர்கள். தவறியது இரண்டாவதில்.

எந்த உதவியும் இல்லாமல் சொந்த மனவுறுதியை மட்டும் நம்பி விடுகிறவர்களில், ஆறு மாதம் முதல் ஓராண்டு கழிந்தும் புகைக்காமல் இருப்பவர்கள் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான். மீண்டும் பற்றவைப்பவர்களில் பெரும்பாலோர் முதல் எட்டு நாட்களுக்குள்ளேயே அதைச் செய்துவிடுகிறார்கள். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு, நிரந்தரமாக விட ஒருவருக்கு முப்பது முயற்சிகளோ அதற்கு மேலோ தேவைப்படலாம் என்று கணக்கிட்டது. இந்த எண்களைப் பார்த்து மனம் தளரத் தேவையில்லை. ஐந்தாம் முறை தோற்றவர் கோழையும் அல்லர், விதிவிலக்கும் அல்லர் என்பதே இவற்றின் பொருள்.

இலங்கையில் 18 முதல் 69 வயது வரையானோரிடம் 2015இல் எடுத்த தேசியக் கணிப்பில், ஆண்களில் 29.4 சதவீதத்தினர் புகைப்பவர்கள். பெண்களில் அது 0.1 சதவீதம் மட்டுமே. மெல்லும் புகையிலையையும் சேர்த்தால் ஆண்களின் கணக்கு 45.7 சதவீதமாக ஏறுகிறது, பெண்களும் 5.3 சதவீதத்துக்கு வந்துவிடுகிறார்கள். இந்த இரண்டாவது கணக்கு மட்டக்களப்புக்கு முக்கியமானது. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் களுதாவளையும் தேற்றாத்தீவும் வெற்றிலைத் தோட்டங்களுக்குப் பேர்போன ஊர்கள். சிகரட்டை விட்ட கை வெற்றிலைத் தட்டுக்குப் போவது இங்கே மிகச் சுலபம். அதைப் பின்னர் பார்ப்போம்.

புகையை உள்ளிழுத்துப் பத்து இருபது விநாடிகளுக்குள் நிக்கொட்டின் மூளையை அடைகிறது. ஊசி மூலம் ஏற்றும் மருந்துகூட இவ்வளவு விரைவாகப் போவதில்லை. அங்குள்ள ஏற்பிகளில் அது பொருந்தியதும் டோபமின் சுரந்து, சிறு நிறைவு உண்டாகிறது. இரண்டு மணித்தியாலத்தில் இரத்தத்திலுள்ள நிக்கொட்டின் பாதியாகக் குறைய, அந்த நிறைவு கலைந்து அரிப்பு தொடங்குகிறது. அடுத்த சிகரட் அந்த அரிப்பைத் தணிக்கிறது. நாட்பட்ட புகைப்பழக்கம் இந்த ஏற்பிகளின் எண்ணிக்கையையே பெருக்கிவிடுகிறது. ஆகவே பழகிய ஒருவர் புகைப்பது, பெரும்பாலும், முந்திய சிகரட் விட்டுச்சென்ற குறையை நிரப்பத்தான். காலையில் கண்விழித்து அரை மணித்தியாலத்துக்குள் முதல் சிகரட்டைத் தேடுகிறவருக்கு இந்தப் பிடி இறுக்கமாக இருக்கிறது என்று மருத்துவர்கள் கணிக்கிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை என்ற கேள்வியைவிட, எழும்பி எவ்வளவு நேரத்தில் என்ற கேள்விதான் அதிகம் சொல்லும்.

நிறுத்திய சில மணித்தியாலங்களிலேயே உடம்பு கேட்கத் தொடங்கும். இரண்டாம் மூன்றாம் நாட்கள்தான் மிகக் கடினமானவை. சிடுசிடுப்பு, பதற்றம், நித்திரைக் குழப்பம், எதிலும் மனம் நிலைக்காமை, கடும் பசி, மலச்சிக்கல், சிலருக்கு வாய்ப்புண் என்று வரும். இருமல் குறைவதற்கு முன் சில நாட்கள் கூடவும் செய்யும். இவற்றைக் கண்டு "சிகரட்டை விட்டபிறகுதான் எனக்கு வருத்தம் வந்தது" என்று முடிவுகட்டி மீண்டும் பற்றவைப்பவர்கள் பலர். உண்மையில் அது உடம்பு தன் பழைய நிலைக்குத் திரும்பும் அறிகுறி. ஏற்பிகளின் எண்ணிக்கை சில வாரங்களிலிருந்து மூன்று மாதங்களுக்குள் புகைக்காதவர்களின் அளவுக்கு வந்துவிடுகிறது. இடையிடையே எழும் தீவிர ஆவல் ஒவ்வொன்றும் சில நிமிடங்களே நிற்கும். புகைத்தாலும் போகும், புகைக்காவிட்டாலும் போகும். அந்தச் சில நிமிடங்களைக் கடத்தத் தண்ணீர் குடிப்பது, முற்றத்தில் இரண்டு சுற்று நடப்பது, யாருக்காவது தொலைபேசி எடுப்பது என்று எதுவும் உதவும்.

பலருக்குத் தெரியாத ஒரு விடயம் தேத்தண்ணி சம்பந்தப்பட்டது. புகையிலுள்ள தார்ப் பொருட்கள், கஃபீனை உடைக்கும் ஈரல் நொதியைத் தூண்டி வைத்திருக்கும். புகை நின்றதும் அந்தத் தூண்டல் அடங்கிவிட, அதே அளவு தேத்தண்ணியும் கோப்பியும் இரத்தத்தில் முன்னிலும் அதிக நேரம் தங்குகின்றன. நெஞ்சுப் படபடப்பையும் நித்திரையின்மையையும் சிகரட் இல்லாத குறை என்று நினைப்பவர் உண்மையில் தன் பிளேன்ரீயால் அவதிப்பட்டுக் கொண்டிருக்கலாம். முதல் வாரங்களில் அதைப் பாதியாகக் குறைப்பது நல்லது. இதே காரணத்தால், ஆஸ்துமாவுக்குத் தியோபிலின் எடுப்பவர்களும் மனநோய்க்குக் குளோசபின் எடுப்பவர்களும் புகையை விடுவதற்கு முன் தம் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அந்த மருந்துகளின் அளவை மாற்ற வேண்டிவரலாம்.

ஒரேயடியாக விடுவதா, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதா என்பது பழைய சண்டை. பிரித்தானியாவில் 697 பேரை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வின் முடிவு 2016இல் வந்தது. குறித்த நாளில் சட்டென்று நிறுத்தியவர்களில் 22 சதவீதத்தினர் ஆறு மாதத்தின் பின்னும் புகைக்காமல் இருந்தார்கள். இரண்டு வாரம் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியவர்களில் அது 15.5 சதவீதம். இரு பிரிவினருக்கும் நிக்கொட்டின் மருந்தும் ஆலோசனையும் கிடைத்தன. குறைத்துக்கொண்டு வருவதில் ஒரு பொறியும் உண்டு. பலர் ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று என்ற இடத்தில் நின்று, "இப்ப எவ்வளவோ குறைச்சிட்டன்" என்று ஆறுதல் கொள்கிறார்கள். 2018இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வந்த ஒரு தொகுப்பாய்வு அந்த ஆறுதலைக் கலைத்தது. நாளுக்கு ஒரே ஒரு சிகரட் புகைப்பவருக்கும், இருபது புகைப்பவருக்கு ஏற்படும் கூடுதல் இதயநோய் ஆபத்தில் ஏறக்குறையப் பாதி இருக்கிறது. இருபதில் ஒரு பங்கு புகைத்தால் இருபதில் ஒரு பங்கு ஆபத்து என்ற கணக்கு இதயத்திடம் செல்லாது.

சிகரட்டுக்குப் பதில் பீடி என்பது விலையைப் பார்த்துச் செய்யும் மாற்றம். பீடி எளிதில் அணைவதால் அதை அடிக்கடி இழுத்துப் புகைக்க வேண்டியிருக்கிறது. காபனோரொட்சைட்டும் தாரும் உடம்புக்குள் குறைவில்லாமல் சேருகின்றன. சுருட்டின் புகையை உள்ளே இழுக்காதவர்களுக்கும் நிக்கொட்டின் வாயின் தோல் வழியே ஏறிவிடும். எல்லாவற்றையும்விட இந்தப் பக்கத்தில் பரவலாக நடப்பது வெற்றிலைக்குத் தாவுவது. வெற்றிலை மரியாதைக்குரிய பொருள். கோயிலுக்கும் கலியாணத்துக்கும் வேண்டியது. அதில் பொயிலைத் துண்டொன்று சேர்வதை யாரும் போதையாக எண்ணுவதில்லை. ஆனால் பொயிலை சேர்ந்த வெற்றிலைக்கூட்டு புற்றுநோய் உண்டாக்குவது என்பது 1985இலேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகத்தின் முடிவு. பொயிலை இல்லாத வெற்றிலைக்கூட்டும், பாக்குத் தனியாகவும் புற்றுநோய் உண்டாக்கும் என்று அதே நிறுவனம் பின்னர் அறிவித்தது. இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்தான். தவிர, மெல்லும் பொயிலையிலிருந்து நிக்கொட்டின் ஏறுவதால் மூளையின் ஏற்பிகள் பசியோடு காத்தபடியே இருக்கும். சிகரட்டை விட்டுப் பொயிலை போடுபவர் எதையும் விடவில்லை என்பதே இதில் சொல்லக்கூடிய நேர்மையான தீர்ப்பு.

புகையை விட உதவும் மருந்துகளின் கதை நீர்மூழ்கிக் கப்பலில் தொடங்குகிறது. கப்பலுக்குள் புகைக்க முடியாத சுவீடன் மாலுமிகள் மூக்குப்பொடி போன்ற புகையிலைத் தூளை வாயில் அடக்கிச் சமாளிப்பதைக் கண்டு, லுண்ட் நகர ஆய்வாளர் ஒருவர் 1967இல் லியோ என்ற மருந்து நிறுவனத்திலிருந்த ஓவ ஃபேர்னோவுக்குச் சொன்னார். தானும் கடும் புகைப்பழக்கம் உள்ளவரான ஃபேர்னோ, நிக்கொட்டின் சுயிங்கத்தை உருவாக்கினார். 1978இல் அது சுவிற்சர்லாந்தில் விற்பனைக்கு வந்தது. பின்னர் தோலில் ஒட்டும் பட்டைகளும் வந்தன. தாரும் காபனோரொட்சைட்டும் இல்லாமல், நிக்கொட்டினை மட்டும் மெதுவாகக் கொடுத்து, அளவைப் படிப்படியாகக் குறைப்பதே இவற்றின் வேலை. இவை வெற்றி வாய்ப்பை ஒன்றரை மடங்காக்குகின்றன என்பது நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளின் கூட்டு முடிவு. பட்டையும் சுயிங்கமும் சேர்த்துப் பாவித்தால் பலன் இன்னும் கூடும்.

சுயிங்கத்தை வெற்றிலை மெல்வதுபோல் மென்று சாற்றை விழுங்குகிறவர்களுக்குத் தொண்டை எரிந்து, விக்கல் எடுத்து, "இது சரிவராது" என்று தோன்றிவிடும். முறை வேறு. சிலதரம் மெதுவாகக் கடித்து, காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் முரசுக்கும் இடையில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மீண்டும் கடிக்க வேண்டும். சுயிங்கத்தை வாயில் போடுவதற்குக் கால் மணித்தியாலம் முன்பிருந்து கோப்பி, சோடா போன்ற அமிலப் பானங்கள் ஆகாது. எழும்பி அரை மணித்தியாலத்துக்குள் புகைத்து வந்தவர்களுக்கு 4 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 2 மில்லிகிராம். வரெனிக்ளின், புப்ரோபியன் என்ற குளிசைகளும் உண்டு. இவற்றை வைத்தியர்தான் எழுதித்தர வேண்டும். நிக்கொட்டின் மாற்று மருந்துகள் 2009இலும் இந்த இரு குளிசைகளும் 2021இலும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. கிராமத்துப் பாமசியில் இவை எப்போதும் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே விடும் நாளைக் குறிப்பதற்கு முன் மருந்தைத் தேடி வைத்துக்கொள்வதே புத்தி.

இனி இரண்டாவது வேலை. மூன்று வாரம் கழிந்தபின் உடம்பு அதிகம் கேட்பதில்லை, இடங்கள் கேட்கும். சோறு தின்று எழும்பும் நேரம், தேத்தண்ணிக்கடை வாங்கு, வாவியின் அக்கரையான படுவான்கரைக்குப் போகக் குருமண்வெளியிலோ குருக்கள்மடத்திலோ பாதைப் படகுக்குக் காத்து நிற்கும் துறை, யானை வராமல் வயற்பரணில் விழித்திருக்கும் இரவு, வாவியில் வலை போட்டுவிட்டுத் தோணியில் சும்மா இருக்கும் நேரம். ஒவ்வொன்றிலும் ஆயிரம் தடவை புகைத்திருப்பதால், அந்த இடத்துக்குப் போனதும் மூளை தானாகவே சிகரட்டை எதிர்பார்க்கிறது. இந்த எதிர்பார்ப்பு, அதே இடத்தில் பலமுறை புகைக்காமல் இருந்தால்தான் மங்கும். வயலுக்குப் போகாமல் இருக்க முடியாது. ஆனால் பரணில் சிகரட் வைத்திருந்த இடத்தில் கச்சானோ ரோச்லைட்டோ வைத்துக்கொள்ள முடியும். சாப்பிட்டதும் வாங்கில் சாயாமல் எழுந்து நடக்க முடியும். கள்ளும் சாராயமும் மட்டும் தனி வகை. முதல் இரண்டு மாதத்தில் குடிக்காமல் இருப்பது புகையை விட்டவருக்குப் பெரிய பாதுகாப்பு.

செத்த வீட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரவு விழித்திருப்பவர்களுக்கு வெற்றிலைத் தட்டோடு பீடியும் சிகரட்டும் நீட்டப்படும் வழக்கம் பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. துக்கம், நித்திரையின்மை, கூட்டாளிமார், கையருகே இலவசப் புகை ஆகிய நான்கும் ஒரே இடத்தில் சேர்கின்றன. ஆறு மாதம் தாக்குப்பிடித்தவரும் அங்கே விழுவது அதனால்தான். தட்டில் புகையிலைப் பொருட்களை வைக்காத குடும்பம் இறந்தவரை அவமதிப்பதாக யாரும் இப்போது சொல்வதில்லை. இந்த மாற்றத்தைத் தொடங்கிவைக்க ஒரு பெரியவர் போதும்.

எல்லா விழுகையும் ஒரே வாசகத்தோடுதான் தொடங்குகிறது: "ஒண்டே ஒண்டு." நம்மூர்க் கடை அதற்கு வழி செய்து வைத்திருக்கிறது. சிகரட் இங்கே பெட்டியாக விற்கப்படுவதைவிடத் தனித்தனியாக விற்கப்படுவதே அதிகம். பெட்டியின் 80 சதவீதப் பரப்பில் நோயின் படம் இருக்க வேண்டும் என்று 2015இல் நாடாளுமன்றம் சட்டம் திருத்தியது. புகையிலை நிறுவனம் நீதிமன்றம்வரை போய் எதிர்த்த ஏற்பாடு அது. ஆனால் ஒன்று வாங்குபவர் பெட்டியைக் காண்பதே இல்லை. ஒரு முழுப் பெட்டியின் விலை சில ஆயிரம் ரூபா என்றால் மீண்டும் தொடங்கத் தயங்குபவர், ஒன்றின் விலைக்குத் தயங்குவதில்லை. 2016 ஒக்டோபரில் 35 ரூபாவிலிருந்து 50 ரூபாவான சிகரட், பொருளாதார நெருக்கடிக்குப் பின் நூறைத் தாண்டியது. நாளுக்குப் பத்து என்றால் மாதம் முப்பதாயிரம் ரூபாவுக்கு மேல்.

அந்த ஒன்றைப் புகைத்துவிட்டால் என்ன செய்வது? இங்கேதான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். "எல்லாம் போச்சுது, இனி என்ன" என்று அன்றைக்கே பெட்டி வாங்குகிறார்கள். ஒரு சிகரட் மூன்று மாத முன்னேற்றத்தை அழித்துவிடாது. அதைத் தொடர்ந்து வரும் அந்த முடிவுதான் அழிக்கிறது. அன்றைய மிச்ச நேரத்தைப் புகையில்லாமல் கழித்து, எந்த இடத்தில், யாரோடு, என்ன மனநிலையில் விழுந்தது என்பதைக் குறித்து வைத்தால், அடுத்த முறை அந்த இடத்துக்கு ஆயத்தமாகப் போகலாம். அதேநேரம், நன்றாக விட்டவர் "ஒண்டு குடிச்சுப் பார்ப்பம், பிடிக்குதோ எண்டு" என்று சோதிப்பது வேண்டாத விளையாட்டு.

மனக்கவலைக்காகப் புகைப்பதாகச் சொல்பவர்களை இந்தக் கரையில் யாரும் இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. நீண்ட போரையும் 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையையும் கண்ட ஊர்கள் இவை. ஆனாலும் விட்டவர்களையும் விடாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகள் ஒரே திசையில் பேசுகின்றன. விட்டவர்களின் பதற்றமும் சோர்வும் சில மாதங்களில் குறைகின்றன, மனநோய் உள்ளவர்களுக்கும்கூட. சிகரட் தணிப்பது பெரும்பாலும் தானே உண்டாக்கிய பதற்றத்தைத்தான். இழப்பின் துயரம் அதற்குப் பிறகும் இருக்கும். அதற்குப் பேச்சும் துணையும், தேவைப்பட்டால் மனநல மருத்துவரும் வேண்டும்.

வீட்டில் பெண்கள் பெரும்பாலும் புகைக்காதவர்கள் என்பது விடுகிறவருக்கு ஒரு பலம். புகையின் பாதிப்பில் அவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு என்பதால் அக்கறையும் இயல்பாகவே இருக்கும். ஆனால் மூன்றாம் நாள் சிடுசிடுப்பில் "இதைவிட நீங்க குடிச்சுக்கொண்டே இருந்திருக்கலாம்" என்று சொல்லிவிடுவதும், பின்னர் சட்டையை மோந்து பார்த்து விசாரிப்பதும் நடக்கும். இரண்டும் உதவாது. புகையை விட்டபின் எடை கூடும் என்பதும் உண்மை. முதல் ஆண்டில் சராசரியாக நாலைந்து கிலோ. அதைக் கட்டுப்படுத்த முதல் மாதத்திலேயே பட்டினி கிடப்பது விழுகைக்கு வழி.

விடும் நாளை ஊர் வழக்கத்தோடு சேர்த்துக் குறிப்பது பயன் தரும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் நாட்களில் மச்சம் மாமிசம் இல்லாமல் ஊரே அடங்கியிருக்கிறது; மே 31, உலகப் புகையிலை எதிர்ப்பு நாளும் அந்தக் காலத்தை ஒட்டியே வருகிறது. காத்தான்குடியிலும் கல்முனையிலும் நோன்பு மாதத்தில் பகல் முழுவதும் புகைக்காமல் இருப்பவர்கள், தம்மால் முடியும் என்பதை ஏற்கெனவே நிரூபித்தவர்கள். இப்தாருக்குப் பின்வரும் முதல் சிகரட்டைத் தவிர்ப்பதுதான் அவர்களுக்கு மிச்சம். ஆனால் விரதம் முடிந்த மறுநாளே மீண்டும் தொடங்குபவர் அதிகம். நேர்த்திக்கு முடிவுத் தேதி வைக்கக்கூடாது.

சட்டமும் ஓரளவு துணை நிற்கிறது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை, மதுசார அதிகாரசபைச் சட்டம், 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பதையும் மூடிய பொது இடங்களில் புகைப்பதையும் விளம்பரத்தையும் தடுக்கிறது. 2016 செப்டெம்பர் முதல் பாபுல் போன்ற மெல்லும் தயாரிப்புகளுக்கும் தடை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களின் முயற்சியால் நூற்றுக்கு மேற்பட்ட நகர்களில் வியாபாரிகள் தாமாகவே சிகரட் விற்பதை நிறுத்தியதாகச் சுகாதார அமைச்சு 2019 அளவில் அறிவித்தது. அவற்றில் யாழ்ப்பாண மாவட்டத்தின் பங்கு பெரிது. கடையில் சிகரட் இல்லாத சந்தியில் "ஒண்டே ஒண்டு" என்பதற்கு இடமே இல்லை.

எப்போது விட்டாலும் பலன் உண்டு, முந்தினால் அதிகம். ஒரு நாளுக்குள் இரத்தத்திலுள்ள காபனோரொட்சைட்டு இறங்கிவிடும். ஓராண்டில் மாரடைப்பின் கூடுதல் ஆபத்து ஏறக்குறையப் பாதியாகும், பத்தாண்டில் நுரையீரல் புற்றுநோயினதும் அவ்வாறே. பிரித்தானியாவில் 34,439 ஆண் மருத்துவர்களை 1951இலிருந்து ஐம்பது ஆண்டுகள் பின்தொடர்ந்த ரிச்சர்ட் டோலின் ஆய்வு 2004இல் கணக்கை முடித்துத் தந்தது: 30 வயதில் விட்டவர் பத்து ஆண்டும், 40இல் விட்டவர் ஒன்பதும், 50இல் விட்டவர் ஆறும், 60இல் விட்டவர் மூன்றும், தொடர்ந்து புகைப்பவரைவிடக் கூடுதலாக வாழ்கிறார்.

தேற்றாத்தீவில் இருப்பவருக்குக் களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலை பக்கத்திலேயே இருக்கிறது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் கேட்கலாம். நடுவயதைத் தொட்டவர்களுக்கு அரச வைத்தியசாலைகளின் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் இரத்த அழுத்தமும் சீனியும் பார்ப்பதோடு புகைப்பழக்கம் பற்றியும் பேசுவார்கள். புகையை விட விரும்புவோருக்கான அரச தொலைபேசி இலக்கம் 1948. முதல் தடவையோ முப்பதாவது தடவையோ, அழைத்துப் பேசுங்கள்.